கெம்புக்கல்லில் ஒளியைத் தாமதப்படுத்துவது எப்படி

கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு பெண்கள் வந்து, "மேடம், சாஃப்ட்வேர் வேண்டாம், கையால் தொட்டுச் செய்கிற மாதிரி ஏதாவது கொடுங்க" என்றார்கள். அப்போது எடுத்ததுதான் இந்தச் சோதனை. ஒரு பச்சை லேசர், ஒரு மாணிக்கக் கல் (கெம்பு என்பதும் அதுதான்), ஒளியை மின்சாரமாக மாற்றி அளக்கும் போட்டோடையோடு இரண்டு, அந்த மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ. ஒன்று, இவ்வளவுதான். கல்லுக்குள் நுழையும் ஒளியின் ஏற்ற இறக்கம் வெளியே வரும்போது மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்கு பிந்தி வரும். 1 செ.மீ. கல்லைத் தாண்ட அவ்வளவு நேரம் என்றால், வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் சொச்சம். நம்மூர் எக்ஸ்பிரஸ் ரயில் வேகம்.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிகலோ, லெப்பெஷ்கின், பாய்ட் மூவரும், 2003இல். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1999இல், லேனே ஹௌ குழுவினர் ஒளியை நொடிக்கு 17 மீட்டருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் அதற்குச் சோடியம் ஆவியைத் தனிச்சுழியை (மைனஸ் 273 டிகிரி செல்சியஸை) ஒட்டிக் குளிர்விக்க வேண்டியிருந்தது. ராச்செஸ்டர்காரர்கள் எடுத்ததோ 7.25 செ.மீ. நீள மாணிக்கத் தண்டு, ஆர்கான் லேசர், சாதாரண அறை வெப்பநிலை. கிடைத்தது நொடிக்கு 57.5 மீட்டர். அறை வெப்பநிலையில் நடக்கும் என்பதைப் படித்ததும்தான் நம் ஆய்வகத்திலும் நடக்கும் என்று எனக்குத் தைரியம் வந்தது.

உள்ளே என்ன நடக்கிறது

மாணிக்கம் என்பது அலுமினிய ஆக்சைடு படிகம். அதில் சில அலுமினிய அயனிகளின் இடத்தில் குரோமியம் உட்கார்ந்திருக்கும். பச்சை ஒளியை உறிஞ்சுவது இந்தக் குரோமியம்தான். ஒரு குரோமியம் அயனி ஒரு பச்சை ஃபோட்டானை வாங்கியதும் மேலே ஏறி, உடனே கொஞ்சம் இறங்கி, ஒரு நடு நிலையில் தங்கிவிடும். தங்கும் நேரம் சராசரியாக 3.5 மில்லிநொடி. அணு உலகத்தில் இது ஒரு யுகம். பிறகு 694.3 நானோமீட்டரில் ஆழ்சிவப்பு ஒளியை விட்டுவிட்டுத் தரைக்கு வரும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இலை. ஒளி மெலிதாக வரும்போது எப்போதும் காலி இலை இருக்கும், வந்த ஒளியில் பெரும்பகுதி உறிஞ்சப்படும். ஒளி அடர்ந்து வரும்போது இலையெல்லாம் நிரம்பிவிடும், மிச்ச ஒளி தடையில்லாமல் தாண்டிப் போகும். செறிவு கூடக்கூட உறிஞ்சல் குறைகிறது, அதாவது படிகம் தெவிட்டிப்போகிறது. நேர்விகிதம் உடைந்துபோன உறிஞ்சல் என்றால் இதுதான்.

இப்போது ஒளியின் செறிவை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஏறும் பக்கத்தில் இன்னும் காலி இலைகள் இருப்பதால் ஒளி அதிகம் உறிஞ்சப்படும். உச்சம் தாண்டி இறங்கும் பக்கத்தில் பந்தி நிரம்பிக் கிடக்கும், ஆகவே உறிஞ்சல் குறைவு. முன்பக்கம் தேய்ந்து பின்பக்கம் தப்பித்தால் உச்சி பின்னுக்கு நகர்ந்த மாதிரித்தானே தெரியும்? சி.ஆர்.ஓ.வில் நாம் பார்க்கும் தாமதம் அதுதான்.

"இதற்குப் போய் மந்த ஒளி என்று பேரா, வெறும் தெவிட்டும் உறிஞ்சல்தானே" என்று ரஷ்யாவின் சபாஸ்கியும் கோஸ்லோவும் எழுதினார்கள். பாய்ட் தரப்பு அலைகளின் குறுக்கீட்டை வைத்து, உறிஞ்சல் நிறமாலையில் ஒரு மெல்லிய பள்ளம் விழுகிறது என்று விளக்கும். நான் இரண்டு கணக்கையும் போர்டில் போட்டுப் பார்த்தேன். இந்தச் சோதனைக்கு இரண்டும் ஒரே விடையைத்தான் தருகின்றன. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பந்தி போதும் என்பது என் கட்சி.

கல்

ஆய்வகக் கடைகளில் லேசர் தரத்து மாணிக்கத் தண்டு வாங்கினால் எங்கள் துறையின் வருடச் செலவுப் பணம் அதிலேயே போய்விடும். நாங்கள் இருப்பது திருச்சிப் பக்கம். செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு கல்லுக்கு ஏன் வெளிநாட்டுக்கு எழுத வேண்டும்?

செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்டார். அலுமினிய ஆக்சைடு பொடியோடு துளி குரோமியம் ஆக்சைடு சேர்த்து, ஹைட்ரஜன்–ஆக்சிஜன் தீக்கொழுந்து வழியாகத் தூவுவார்கள். பொடி உருகிச் சொட்டி, அடியில் பேரிக்காய் மாதிரி ஒரு கட்டி வளரும். இன்றைக்கும் நகைக்கு வரும் மலிவான கெம்பு பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

பட்டை தீட்டும் பெரியவர் ஒருவரிடம் போனேன். "அண்ணே, கெம்புக் கட்டி வேணும்" என்றதும் நல்ல ரத்தச் சிவப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். அது வேலைக்கு ஆகாது. நகைக்கு வரும் அடர் சிவப்புக் கல்லில் குரோமியம் ஒரு சதவீதம், அதற்கு மேலும்கூட இருக்கும். பச்சை லேசர் அதில் ஓரிரு மில்லிமீட்டர் போவதற்குள் செத்துவிடும். குரோமியம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால் தங்கும் நேரமும் குறைந்துவிடும். நமக்கு வேண்டியது எடையில் 0.05 சதவீதம் போல, அதாவது வெளிர் ரோஜா நிறம். "இதைவிட வெளுத்தது இருக்கா, இன்னும் வெளுத்தது?" என்று நான் கேட்கக் கேட்க அவருக்குச் சிரிப்பு. கடைசியில் விலைபோகாது என்று ஓரமாகப் போட்டிருந்த டப்பாவைக் கவிழ்த்தார். எனக்கு வேண்டியது அதில்தான் இருந்தது. நகைக்காரர் கழித்த கல் நமக்கு நல்ல கல்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, குமிழி. டார்ச் வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெர்னாய் கல்லில் சின்னச் சின்னக் குமிழிகளும் வளைந்த கோடுகளும் தெரியும். கோடு இருந்தால் பரவாயில்லை. குமிழி லேசர் பாதையில் வரக்கூடாது.

இரண்டு, விரிசல். இந்தக் கட்டிகள் உள்ளே இறுக்கத்தோடு வளர்வதால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துதான் விற்பார்கள். பிளந்த பாதியை வாங்குங்கள். பிளக்காத முழுக் கட்டியை ஆசையாக வாங்கினால் சாணையில் வைத்ததும் தெறித்துவிடும். எங்களுக்கு ஒன்று அப்படிப் போனது.

மூன்று, பச்சை லேசர் பாயின்டரை அடித்துப் பாருங்கள். பாதை முழுக்கச் சிவப்பாக மின்ன வேண்டும். சிவப்புக் கண்ணாடியாக இருந்தால் அந்த மினுக்கம் வராது. மினுக்கம் நுழையும் முகத்திலேயே நின்றுவிட்டால் குரோமியம் அதிகம். 1 செ.மீ. தாண்டியும் மங்கலாகத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிரெதிர் முகங்கள் இரண்டையும் தட்டையாக, ஒன்றுக்கொன்று இணையாக, 10 மி.மீ. இடைவெளியில் தேய்த்து வைரத்தூளில் மெருகு ஏற்றித் தரச் சொன்னேன். பெரியவர் பட்டை போட்டே பழகியவர். "டீச்சரம்மா, ஓரத்துல ஒரு பட்டையாவது போட்டுத் தரேனே, பளபளன்னு இருக்கும்" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சம் ஒரு முகத்தில் நேராகப் பிரதிபலிக்கும் அளவுக்குத் தட்டை இருந்தால் போதும். ஒளியியல் பட்டறைத் தரம் தேவையில்லை.

லேசரும் அதன் ஏற்ற இறக்கமும்

முதலில் 532 நானோமீட்டர் பச்சை லேசரை வைத்து ஒரு மாதம் வீணாக்கினோம். அகச்சிவப்பில் பிறந்து ஒரு படிகத்தில் அதிர்வெண் இரட்டித்துப் பச்சையாவதால், மின்னோட்டத்தைக் கொஞ்சம் ஆட்டினாலும் அதன் ஒளி இஷ்டத்துக்குத் தாவும். நேரடியாகப் பச்சை தரும் 520 நானோமீட்டர் டையோடு வாங்குங்கள், 100 மில்லிவாட் போதும். மின்னோட்டத்துக்கு ஏற்ப ஒளி ஒழுங்காக ஏறி இறங்கும்.

100 மில்லிவாட் கண்ணுக்கு ஆபத்தானது. மேசையில் தெறிக்கும் ஒரு பிரதிபலிப்பே விழித்திரையைச் சுடப் போதும். 520க்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் அறைக்குள் நுழையக்கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் வாசலில் ஒரு எவர்சில்வர் டப்பாவில். டப்பாவை மேசைப் பக்கம் கொண்டுவராதீர்கள், அதுவும் கண்ணாடி மாதிரித்தான். கதிரை அலைன்மென்ட் செய்யும்போது டையோடைக் குறைந்த மின்னோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரியை 80 மில்லிவாட்டில் நிறுத்தி, அதன்மேல் சிக்னல் ஜெனரேட்டரால் 10 சதவீதம் சைன் அலை ஏற்றுங்கள். முழுக்க அணைத்து எரிக்கும் சாப்பர் சக்கரம் வேண்டாம். பந்தி எப்போதும் பாதி நிரம்பியிருக்க வேண்டும், ஏற்ற இறக்கம் அதன்மேல் சின்ன அலையாக ஓட வேண்டும். சாப்பர் வைத்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் பந்தி காலியாகி, வரும் தாமதத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லவே முடியாது.

அதிர்வெண்ணை 50, 100, 200 ஹெர்ட்ஸில் வைக்காதீர்கள். ட்யூப்லைட்டும் மின்கம்பியும் அங்கேதான் இரைச்சல் போடும். நாங்கள் வைத்தது 23, 61, 210, 1030.

குவியத்தைக் கண்டுபிடித்தல்

கல் தெவிட்ட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிலோவாட் செறிவு வேண்டும். பயந்துவிடாதீர்கள், லென்ஸ் இருக்கிறது. 1 மி.மீ. அகலக் கதிரை 15 செ.மீ. குவியத்தூர லென்ஸில் விட்டால் குவியத்தில் புள்ளியின் விட்டம் 0.1 மி.மீ. ஆகும். 100 மில்லிவாட் அதில் அடைந்தால் 1.3 கிலோவாட் வந்துவிடுகிறது. குவியம் இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் வரை பெரிதாக விரியாது, ஆகவே 1 செ.மீ. கல் முழுவதும் நல்ல செறிவில் இருக்கும். இன்னும் குட்டையான லென்ஸ் போட்டால் செறிவு கூடும், ஆனால் கல்லின் நடுவில் மட்டும்தான். அந்த ஆசை வேண்டாம்.

கல்லை எதில் பொருத்துவது? விலையுயர்ந்த நகர்மேடை எதுவும் வேண்டாம். எந்தக் கல்லூரியிலும் அலமாரியில் நாலு டிராவலிங் மைக்ராஸ்கோப் தூங்கிக்கொண்டிருக்கும். ஒன்றின் குழாயைக் கழற்றிவிட்டு, அளவுகோல்மேல் திருகால் நகரும் அதன் வண்டியில் கல்லை ஒட்டுங்கள். 0.01 மி.மீ. துல்லியத்தில் நகர்த்தலாம். எங்கள் லேப் அசிஸ்டன்ட் அண்ணன், தான் இருபது வருடம் துடைத்துப் பாதுகாத்த கருவியின் குழாயைக் கழற்றியதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கல்லைக் கதிர் வழியே முன்னும் பின்னும் நகர்த்தி, தாண்டிவரும் ஒளியை அளந்துகொண்டே போங்கள். குவியத்துக்கு வரும்போது அளவு ஏறி, தாண்டியதும் இறங்கும். ஷெய்க்-பகாயி, சையத், வான் ஸ்ட்ரைலாண்ட் 1989இல் வெளியிட்ட இசட்-ஸ்கேன் முறையின் எளிய வடிவம் இது. எங்கள் கல் லென்ஸ் இல்லாமல் 26 சதவீதம் விட்டது, குவியத்தில் 37 சதவீதம். இந்த ஏற்றம் வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள், தாமதமும் வராது. இதற்கான டிடெக்டர் ஒளி முழுவதையும் வாங்க வேண்டும். சூட்டால் கல்லே ஒரு லென்ஸ் மாதிரி வளைந்து கதிரை விரிக்கும். ஓரம் வெட்டுப்பட்டால் வேறு கதை சொல்லும்.

கல்லை அதன் அச்சில் கொஞ்சம் சுழற்றியும் பாருங்கள். மாணிக்கம் ஒளியின் துருவத் திசையைப் பொறுத்துக் கூடக்குறைய உறிஞ்சும். ஒரு திசையைத் தேர்ந்து, கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

ஆயுளை முதலில் அளங்கள்

தாமதத்துக்கு முன்னால் தங்கும் நேரத்தை அளந்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் லேசரைச் சதுர அலையில் அணைத்து எரியுங்கள். கல்லின் பக்கவாட்டில் சிவப்புக் கண்ணாடி போட்ட போட்டோடையோடு. லேசர் அணைந்ததும் சி.ஆர்.ஓ.வில் சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். 37 சதவீதத்துக்கு இறங்க ஆகும் நேரம்தான் ஆயுள். எங்களுக்கு 3.5 மில்லிநொடி. ஒரு மில்லிநொடிக்கும் கீழே வந்தால் கல் மிக அடர்த்தி என்று அர்த்தம். பெரிய தண்டில் நாலுக்கு மேலும் வரலாம். ஓர் அயனி விட்ட சிவப்பை இன்னொன்று பிடித்து மறுபடி விடுவதால் நேரம் நீள்கிறது.

இந்த ஒரு எண் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 3.5 மில்லிநொடிக்குச் சமமான அதிர்வெண் 45 ஹெர்ட்ஸ். லேசர் பந்தியை வேகமாக நிரப்பினால் அது கொஞ்சம் மேலே, எங்கள் கணக்கில் 68க்குப் போகும். அதற்குக் கீழே ஆடும் ஒளி தாமதப்படும். மேலே ஆடுவதைக் கல் கண்டுகொள்ளாது.

தாமதத்தை அளப்பது

மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒன்றை லென்ஸுக்கு முன் சாய்த்து வைத்தால் கதிரில் சிறு பங்கு பிரிந்து முதல் போட்டோடையோடுக்குப் போகும். கல்லைத் தாண்டியது இரண்டாவதுக்கு. இரண்டும் ஒரே ரகம், பி.பி.டபிள்யூ. 34. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆப்-ஆம்ப் பெருக்கிச் சுற்று. சி.ஆர்.ஓ.வில் 128 முறை சராசரி போட்டு இரண்டு அலைகளின் கட்ட வேறுபாட்டை, அதாவது ஒன்று மற்றதைவிட எத்தனை டிகிரி பின்தங்குகிறது என்பதைப் படியுங்கள். எதிர்பார்ப்பது மூன்று, நான்கு டிகிரிதான், ஆகவே கண்ணால் பார்த்து எடுக்காதீர்கள். எண்களைக் கணினிக்கு மாற்றி சைன் வளைவு பொருத்துங்கள்.

எங்கள் முதல் ரீடிங்: 23 ஹெர்ட்ஸில் 1.6 மில்லிநொடி. 1 செ.மீ.க்கு 1.6 மில்லிநொடி என்றால் நொடிக்கு ஆறு மீட்டர். சைக்கிள் வேகம்! ராச்செஸ்டரையும் தாண்டி, குளிர்ந்த சோடியத்தையும் தாண்டிவிட்டோம். பெண்கள் இருவரும் குதித்தார்கள். நானும் குதித்தேன், ஒளிப்பானேன். அன்றைக்கு எல்லோருக்கும் கேன்டீனில் என் செலவில் போண்டா.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆறு மீட்டர் வரக் கணக்கில் வழியே இல்லை. எங்கள் கல்லுக்கும் செறிவுக்கும் தாமதம் அரை மில்லிநொடியைத் தாண்டாது.

மறுநாள் லென்ஸை எடுத்துவிட்டு அளந்தோம். லென்ஸ் இல்லாவிட்டால் செறிவு நூறில் ஒன்றாகிவிடும், கல் தெவிட்டாது, தாமதம் ஏறக்குறைய காணாமல் போக வேண்டும். போகவில்லை. அடுத்து டிடெக்டரைக் கதிரிலிருந்து ஒரு விரற்கடை விலக்கிப் பார்த்தோம். கதிரே விழாத இடத்திலும் சைன் அலை அழகாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி, "மேடம், இது பச்சையே இல்ல" என்றாள்.

கல்லின் சிவப்பு மினுக்கம்தான் அது. 3.5 மில்லிநொடி தங்கி வருவதால் இயல்பாகவே பிந்தித்தான் வரும். சாதாரணமாகப் பச்சையோடு ஒப்பிட்டால் சிவப்பு கொஞ்சம்தான். ஆனால் போட்டோடையோடு திணறாமல் இருக்க, அதன் முன்னால் பழைய கூலிங்கிளாஸ் கண்ணாடிகளை அடுக்கி வைத்திருந்தோம். யோசனை என்னுடையது. கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் பச்சையை நன்றாகத் தடுக்கும், ஆழ்சிவப்பைத் தாராளமாக விடும். பச்சை ஐம்பதில் ஒன்றாகக் குறைந்த இடத்தில் சிவப்பு பாதிக்குப் பாதி தப்பித்திருந்தது.

இதில் மாட்டிக்கொள்வது சுலபம். அதிர்வெண்ணை ஏற்றியபோது தாமதம் குறைந்தது, வளைவு கோட்பாட்டு வளைவு மாதிரியே இருந்தது. இருக்காதா பின்னே? உண்மையான தாமதத்துக்கும் சிவப்பு மினுக்கத்துக்கும் ஒரே ஆயுள்தான் மூலம். வளைவு அழகாக வருகிறது என்பதை இங்கே சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். இரண்டாவது டிடெக்டரைக் கல்லிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். பச்சை நேராக வரும், சிவப்பு எல்லாப் பக்கமும் சிதறி நீர்த்துவிடும். வழியில் சின்னத் துளையிட்ட கறுப்பு அட்டை ஒன்று, ஆனால் துளை கதிரின் ஓரத்தை வெட்டாத அளவுக்கு இருக்கட்டும். டிடெக்டர் முன் சிவப்பைத் தடுக்கும் பச்சை ஃபில்டர். ஒளியைக் குறைக்க வேண்டுமானால் ஃபில்டர் அடுக்காமல் இன்னொரு ஸ்லைடின் பிரதிபலிப்பை எடுங்கள்.

அப்புறம் மூன்று சோதனை. கல்லை எடுத்துவிட்டு அதே அளவு ஒளியை விடும் சாம்பல் கண்ணாடி வைத்தால் தாமதம் பூஜ்யம் வர வேண்டும். இரண்டு டிடெக்டரையும் இடம் மாற்றினால் விடை மாறக்கூடாது. லென்ஸை எடுத்தால் தாமதம் அற்றுப்போக வேண்டும். மூன்றும் தேறிய பிறகு வரும் எண்ணைத்தான் நோட்டில் பேனாவால் எழுத வேண்டும், அதுவரை பென்சில்.

எங்களுக்குப் பேனாவில் எழுதக் கிடைத்தவை: 23 ஹெர்ட்ஸில் 0.34 மில்லிநொடி, 61இல் 0.21, 210இல் 0.04. 1030இல் சாம்பல் கண்ணாடிக்கும் கல்லுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 0.34 என்பது நொடிக்கு 29 மீட்டர். ராச்செஸ்டர் எண்ணைவிடக் குறைவுதான், ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர்களுடைய நீளமான தண்டில் எல்லா இடத்திலும் செறிவு சரியாக அமையாது, நம்முடைய குட்டைக் கல்லில் அமைந்துவிடுகிறது. மொத்தத் தாமதத்தில் அவர்கள் 1.26 மில்லிநொடி. அதன் பக்கத்தில்கூட நாம் போகவில்லை.

இதை வைத்து சிக்னலுக்கு என்ன செய்யலாம்

தாமதம் ஒரு பாதிதான். அதே அலைகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். 10 சதவீத ஏற்ற இறக்கத்தோடு உள்ளே போன 23 ஹெர்ட்ஸ், 12 சதவீதமாக வெளியே வந்தது. 1030 ஹெர்ட்ஸ் 10 ஆகவே வந்தது. மொத்த ஒளி குறைந்தாலும் மெதுவான ஆட்டத்தின் ஆழம் கூடுகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே கதிரில் ஏற்றி அனுப்பினால் கல் ஒன்றை மட்டும் தூக்கிக் கொடுக்கும். மின்சுற்று எதுவும் இல்லாமல், ஒளியே ஒளியை வடிகட்டுகிறது. இரண்டு கற்களை வரிசையாக வைத்து, நடுவில் மறுபடி குவித்தால் தாமதமும் வடிகட்டலும் கூடும், ஆனால் வெளிவரும் ஒளி மிகவும் மங்கிவிடும். நாங்கள் முயன்றோம், லாபமில்லை.

45 ஹெர்ட்ஸில் வேலை செய்யும் வடிகட்டி யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. கல்லை மாற்றினால் வேகம் மாறும், விதி மாறாது. நான்கு மின்னூட்டக் குரோமியம் கலந்த யாக் (யிட்ரியம் அலுமினியம் கார்னெட்) படிகத்தின் ஆயுள் சில மைக்ரோநொடி. 1064 நானோமீட்டர் லேசர்களில் ஒளியைத் தேக்கி வைத்து ஒரே துடிப்பாக அவிழ்த்துவிடும் கதவு அதுதான். ஒன்றரை மைக்ரான் பக்கத்தில் கோபால்ட் கலந்த ஸ்பினல் என்ற படிகம் அந்த வேலையைச் செய்கிறது. எர்பியம் கலந்த கண்ணாடி இழையில் ஆயுள் 10 மில்லிநொடி, மாணிக்கத்தைவிட மந்தம். ஆனால் மீட்டர் கணக்கில் சுற்றி வைக்கலாம்.

தூலியம் கலந்த யாக் படிகத்தை நான்கு கெல்வின் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்வித்து, 793 நானோமீட்டரில் பயன்படுத்துவது இன்னொரு உலகம். அங்கே ஒவ்வொரு அயனியும் சற்றே வேறுபட்ட நிறத்தை உறிஞ்சும், ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாகப் பள்ளம் போடலாம். ரேடியோ அலையை லேசரில் ஏற்றி அதற்குள் விட்டால், அதில் என்னென்ன அதிர்வெண் இருந்ததோ அங்கெல்லாம் பள்ளம் விழுந்து கிடக்கும். இன்னொரு லேசரால் அதைப் படித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் மொன்டானாவிலும் பிரான்சில் ஓர்சேயிலும் இப்படிப் பல கிகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே மூச்சில் படிக்கும் கருவிகளைச் செய்தார்கள். திரவ ஹீலியம் இல்லாத நாம் அதை வாசித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த வருடம் புதிதாக வந்த பையன் கல்லைச் சூடாக்கிப் பார்க்கிறான். மாணிக்கம் சூடேற ஏற ஆயுள் குறையும், அப்படியானால் வடிகட்டியின் எல்லை மேலே ஏற வேண்டும். சால்டரிங் அயர்னின் முனையைக் கழற்றிவிட்டு, பித்தளைத் துண்டு ஒன்றில் துளையிட்டுக் கல்லை அதில் உட்கார வைத்திருக்கிறான். முதல் நாள் பசை உருகிக் கல் நழுவி, கதிர் சுவரில் ஓடியது. இப்போது கம்பி வைத்துக் கட்டியிருக்கிறான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இருந்தானா என்று முதலில் அதைத்தான் கேட்டேன்.